கையெழுத்து மட்டும் மிச்சமாகிவிட்ட வேலை

பெயர், ஊர், நிறுவனம் எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறார். இப்போது 16 பேர் கொண்ட அணிக்குத் தலைவி. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மென்பொருள் வந்திருக்கிறது. மருத்துவ அறிக்கை, பில், பாலிசி விதி எல்லாவற்றையும் படித்து, ஒரு பக்கச் சுருக்கமும் ‘கொடுக்கலாம்’ அல்லது ‘மறுக்கலாம்’ என்ற பரிந்துரையும் தரும். அலுவலர் அதைப் பார்த்து ஒப்புதல் அழுத்த வேண்டும். முன்பு ஒருவருக்கு நாளுக்கு 20 கோப்பு, இப்போது டார்கெட் 60. தவறு நடந்தால் அழுத்தியவர் பெயரில்தான் மெமோ. அணியிலேயே மூத்தவர், ‘நான் செய்வது வேலை இல்லை, வெறும் கையெழுத்து’ என்று சொல்லிவிட்டு விலகிவிட்டார். புதிதாகச் சேர்ந்த இருவருக்கோ, மென்பொருள் நின்றுபோனால் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தாமாகப் படித்துப் புரிந்துகொள்ள வரவில்லை.

இந்த நிலையில் நிர்வாகம் ‘மனிதரை மையமாக வைத்த பணியிடம்’ என்று ஒரு திட்டம் அறிவித்து, அதை இவரையே நடத்தச் சொல்லியிருக்கிறது. தியானச் செயலி, வெள்ளிக்கிழமை விளையாட்டு, அப்புறம் குரலையும் முகத்தையும் வைத்து ஊழியரின் மனநிலையை அளக்கும் இன்னொரு மென்பொருள். கூடவே ரகசியமாக ஒரு செய்தி: அடுத்த ஆண்டு அணி பத்துப் பேராகக் குறையலாம், யாரிடமும் சொல்லக் கூடாது. தூக்கமே கெட்டுவிட்டது என்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. ஏஐயே வேண்டாம் என்று போராடலாமா? ‘இயந்திரத்துக்கு இரக்கம் வராது, அதனால் உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை’ என்று அணிக்குத் தைரியம் சொல்லலாமா? ஆட்கள் மாற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்தானே? இல்லை, நான் ராஜினாமா செய்வதுதான் நேர்மையா?

இனி உங்களிடமே பேசுகிறேன்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றும் அதிலேதான் சிக்கிக்கிடக்கின்றன. உங்கள் அணி மாற்றத்துக்குப் பயப்படுகிறது என்று எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள், மென்பொருளைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. 60 கோப்பு பற்றிச் சொல்கிறார்கள், மெமோ பற்றிச் சொல்கிறார்கள், எதையும் கற்றுக்கொள்ள முடியவில்லை என்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றையும் மென்பொருள் முடிவு செய்யவில்லை. 60 என்ற எண்ணை ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார், மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். மெமோ யார் பெயரில் போக வேண்டும் என்பதும் அப்படித்தான். இதைப் பயம் என்று அழைத்துப் பயிற்சி வகுப்பு நடத்தினால், ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேர வேலை பாக்கி சேரும், அவ்வளவுதான்.

இது புதிய கதையும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் புதிய இயந்திரங்கள் வந்தன. அதுவரை இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு, வெட்டுவதிலிருந்து வெளியே அனுப்புவதுவரை தானே செய்துகொண்டிருந்தது. இயந்திரம் வந்ததும் வேலையை ஷிஃப்ட் வாரியாகத் துண்டு போட்டு, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஆட்கள் வராமல் நின்றார்கள், ஒரு ஷிஃப்ட் இன்னொரு ஷிஃப்டைக் குற்றம் சொன்னது. லண்டனிலுள்ள டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் 1951இல் இதை எழுதினார்கள். அதைவிட முக்கியமானது அதன் பிறகு தெரியவந்தது: வேறு சில சுரங்கங்களில் அதே மாதிரி இயந்திரங்களை வைத்துக்கொண்டே தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்து, யார் எதைச் செய்வது என்பதைத் தாங்களே பிரித்துக்கொண்டார்கள். அங்கே வேலையும் நன்றாக நடந்தது, ஆட்களும் ஒழுங்காக வேலைக்கு வந்தார்கள்.

எனவே போராடலாமா என்ற முதல் கேள்விக்கு: ஏஐயை எதிர்த்து வேண்டாம். மென்பொருளை வைத்துக்கொண்டு வேலையை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில் போராடுங்கள், அதில் உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக இடம் இருக்கிறது. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது ஏஐயை அடியோடு தடை செய்யச் சொல்லி ஒப்பந்தம் போடவில்லை. எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏஐ எழுதியதைக் கையில் கொடுத்தால் அது ஏஐ எழுதியது என்று தெரிவிக்க வேண்டும், ஏஐக்கு எழுத்தாளர் என்ற பெயர் கிடையாது. இப்படிப்பட்ட விதிகளைத்தான் வாங்கினார்கள். உங்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களிடம் போங்கள். இல்லாவிட்டாலும், கேட்க வேண்டியது இதே மாதிரி விதிகளைத்தான்.

இரக்கம் என்ற சமாதானம் நிற்காது

‘இயந்திரத்துக்கு இரக்கம் வராது’ என்று அணியிடம் சொல்லாதீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சீக்கிரமே பொய்யாகிவிடும். 2023இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பொதுமக்கள் இணையத்தில் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதிலையும் சாட்பாட் எழுதிய பதிலையும், யார் எழுதியது என்று சொல்லாமல், மருத்துவத் துறையினரிடமே மதிப்பிடக் கொடுத்தார்கள். 78.6 சதவீத மதிப்பீடுகளில் சாட்பாட்டின் பதிலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், கனிவாக இருக்கிறது என்றும் மதிப்பெண் போட்டார்கள். காரணம் பெரிய மர்மம் இல்லை. மருத்துவர் வேலைக்கு நடுவே இரண்டு வரி எழுதினார், சாட்பாட்டுக்கு அவசரமே இல்லை. கனிவான வாக்கியம் எழுதுவது இப்போது மலிவாகிவிட்டது.

மலிவாகாதது ஒன்று இருக்கிறது: பொறுப்பேற்பது. மறுக்கப்பட்ட க்ளெய்மோடு ஒருவர் போன் செய்யும்போது அவருக்குத் தேவை ‘உங்கள் வேதனை புரிகிறது’ என்ற வரி இல்லை. கோப்பைத் திறந்து, ‘இதை நான் பார்த்தேன், இந்தக் காரணத்துக்காக மறுத்தோம், இந்த ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் மாற்ற எனக்கு அதிகாரம் இருக்கிறது’ என்று சொல்லக்கூடிய ஆள். அந்த ஆளாக இருக்கும் வாய்ப்பைத்தான் உங்கள் அணியிடமிருந்து எடுத்துவிட்டு, பழியை மட்டும் அவர்களிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். மூத்தவர் சொல்லிவிட்டுப் போனதும் இதைத்தான்.

‘மனிதர் பார்த்துத்தான் ஒப்புதல்’ என்பது எவ்வளவு உண்மை

நிர்வாகம் இதைப் பெருமையாகச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், நீங்களும் ‘அந்த அளவுக்குப் பரவாயில்லை’ என்கிறீர்கள். பரவாயில்லை இல்லை. கணக்குப் போடுங்கள். எட்டு மணி நேரம் நிமிராமல் உட்கார்ந்தாலும் 60 கோப்பு என்றால் ஒரு கோப்புக்கு எட்டு நிமிடம்தான் வரும். இடைவேளை, மீட்டிங், போன் கழித்தால் ஐந்து, ஆறு. நாற்பது பக்க மருத்துவக் கோப்பை அந்த நேரத்தில் யாராலும் சரிபார்க்க முடியாது, சுருக்கத்தை நம்பி அழுத்த மட்டுமே முடியும்.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே இதைச் சொல்லிவிட்டார். தானியங்கிக் கருவி சுலபமான பகுதிகளை எடுத்துக்கொள்கிறது, கடினமானதும் கண்காணிப்பும் மனிதருக்கு மிஞ்சுகிறது. கண்காணிப்போ மனிதர் மிக மோசமாகச் செய்யும் வேலை. போதாக்குறைக்கு, தினமும் செய்து பழகும் வாய்ப்பு போய்விட்டதால், கருவி தடுமாறும் அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டிய திறமையும் துருப்பிடித்திருக்கும். அவர் தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை மனதில் வைத்து எழுதியது உங்கள் க்ளெய்ம் மேசைக்கு அப்படியே பொருந்துகிறது.

துருப்பிடிப்பது பற்றி அண்மையில் ஒரு தகவலும் உண்டு. போலந்தில் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி செய்யும் அனுபவமுள்ள மருத்துவர்களுக்கு ஏஐ உதவி வந்தது. அது வந்த பிறகு, ஏஐ இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது. 2025இல் வெளியான ஆய்வு. ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஆனால் கைதேர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், தானாகப் படிக்கவே கற்றுக்கொள்ளாத உங்கள் புது ஆட்கள் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டிய சாதாரணக் கோப்புகள் எல்லாம் மென்பொருளிடம் போய்விட்டன.

சட்டப் பக்கம் நான் நிபுணன் இல்லை, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதும் கடிதத்தில் இல்லை. ஆனாலும் நிர்வாகத்திடம் பேசும்போது இரண்டு விஷயங்கள் கைகொடுக்கும். கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் சாட்பாட் பயணிக்குத் தவறான தகவல் தந்த வழக்கில், சாட்பாட்டின் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024இல் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, நிறுவனம்தான் பொறுப்பு என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஒருவர் கடனைத் திருப்பித் தருவாரா என்று கணிக்கும் ‘கடன் மதிப்பெண்’ பற்றிய வழக்கு ஒன்றில், வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுக்கிறது என்றால், மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவாகிவிடும் என்று சொன்னது. அதாவது, நடுவில் ஒரு மனிதரை உட்காரவைத்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது. உங்கள் மேலதிகாரிக்கு ஊழியரின் மனநிறைவு பற்றிய பேச்சு காதில் ஏறாமல் போகலாம், இது ஏறும்.

தியானச் செயலியும் மனநிலை அளவியும்

தியானமும் விளையாட்டும் தீங்கில்லை, நடத்திவிட்டுப் போங்கள். ஆனால் அதனால் எதுவும் மாறும் என்று நம்பாதீர்கள். பிரிட்டனில் 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவை வைத்து ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர் ஒருவர் 2024இல் எழுதியதில், இந்த மாதிரித் தனிநபர் நலத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இல்லை. ஆளைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள், டார்கெட் அப்படியே இருக்கிறது.

மனநிலை அளக்கும் மென்பொருள் வேறு ரகம். அதை உங்கள் கையால் கொண்டுவராதீர்கள், இந்த ஒன்றில் மட்டும் நான் நடுநிலையாக இருக்கப் போவதில்லை. முகத்தசையைப் பார்த்து உள்ளே என்ன உணர்ச்சி என்று நம்பகமாகச் சொல்ல முடியாது என்பதை 2019இல் உளவியலாளர் குழு ஒன்று விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களைத் தவிர, பணியிடத்தில் இப்படி முகம், குரல் வைத்து உணர்ச்சியைக் கணிப்பதையே தடை செய்துவிட்டது. உங்கள் நாட்டில் தடை இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், நாள் முழுக்க முகம் சிரித்தபடி இருக்கிறதா என்று ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்கள் கேமராவுக்காகச் சிரிப்பார்கள், உண்மை உங்களிடம் வராது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர் போடாமல் பதில் எழுதும்படி.

பேச்சுவார்த்தையில் என்ன கேட்பது

இந்தத் திட்டத்தை நடத்தச் சொல்லி உங்களிடமே கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு வாய்ப்பு. விளையாட்டோடு முடித்துவிடாமல் மூன்று மாத முன்னோட்டம் ஒன்று கேளுங்கள், பாதி அணியோடு போதும்.

அதில் எனக்கு முதன்மையாகப் படுவது வரிசையை மாற்றுவது. ஒரு பங்கு கோப்புகளில் அலுவலர் முதலில் தானே படித்து முடிவை எழுதட்டும், அதன்பிறகுதான் மென்பொருளின் பரிந்துரை திரையில் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத கோப்புகளை வாரம் ஒரு முறை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். புது ஆட்களுக்கு இந்தப் பங்கு அதிகமாக இருக்கட்டும். பயிற்சி வகுப்பு எதுவும் தராத கல்வி இதில் கிடைக்கும், மென்பொருள் எங்கே சறுக்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

அடுத்து, மென்பொருளின் பரிந்துரையை ஏற்க மறுப்பது எளிதாக இருக்க வேண்டும். இப்போது பரிந்துரையை ஏற்க ஒரு கிளிக், ஏற்காவிட்டால் விளக்கக் கடிதம் என்றுதானே இருக்கும்? (நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேள்விப்படும் இடங்களில் எல்லாம் அப்படித்தான்.) அப்படி வைத்துவிட்டு, ‘யாரும் மென்பொருளோடு முரண்படுவதே இல்லை, அவ்வளவு துல்லியம்’ என்று அறிக்கை கொடுப்பார்கள். டொயோட்டா ஆலைகளில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும், அதற்காக அவரைத் திட்டக் கூடாது. அந்த உரிமை உங்கள் அணிக்கும் எழுத்தில் வேண்டும். கூடவே மெமோ விதியும் மாற வேண்டும்: பரிந்துரையும் தவறு, பார்க்க நேரமும் இல்லை என்றால் அழுத்தியவர் மட்டும் குற்றவாளி ஆகக் கூடாது.

கோப்பைத் துண்டு போடாமல் முடிந்தவரை ஒருவரிடமே முதலிலிருந்து கடைசிவரை இருக்க விடுங்கள், விண்ணப்பித்தவரிடம் பேசுவது உட்பட. ஒரு வேலையில் மனம் நிறைய என்ன வேண்டும் என்று ஹாக்மேன், ஓல்டாம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970களில் ஆராய்ந்து சொன்னவற்றில் பல திறமைகளைப் பயன்படுத்துவது, முழு வேலையாகச் செய்வது, சொந்தமாக முடிவெடுப்பது, செய்ததன் விளைவு தெரிவது எல்லாம் உண்டு. கடைசியானதற்குச் செலவே கிடையாது. அழுத்திய கோப்பு என்ன ஆனது, மேல்முறையீட்டில் மாறியதா, பணம் போய்ச் சேர்ந்ததா என்று அலுவலருக்குத் திரும்பிச் சொல்ல ஓர் ஏற்பாடு செய்தாலே போதும். உங்கள் மேலதிகாரி அனுமதிகூடத் தேவைப்படாது, நாளைக்கே தொடங்கலாம்.

60 என்ற எண்ணையும் பேசுங்கள், ஆனால் ‘குறையுங்கள்’ என்று போகாதீர்கள். சுலபமான கோப்பு, சிக்கலான கோப்பு என்று பிரித்துத் தனித்தனி நேரம் கேளுங்கள். மிச்சமான நேரம் யாருக்குப் போகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏஐ உதவியால் வேலை வேகம் சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடியது, புதியவர்களுக்கு 34 சதவீதம்வரை. தேர்ந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. காரணம், அந்த ஏஐ கற்றுக்கொண்டதே தேர்ந்தவர்களின் உரையாடல்களிலிருந்து. உங்களிடமிருந்து விலகிப்போனவர் பல ஆண்டுகளாக எழுதிய குறிப்புகளில் எத்தனை உங்கள் மென்பொருளுக்குள் போயிருக்கும்? அதற்காக அவருக்கு ஊதியமோ, பயிற்சியாளர் என்ற பதவியோ, ஒரு நன்றியோ கிடைத்ததா? முடிந்தால் அவரிடம் பேசிப் பாருங்கள், பயிற்சி தரும் பொறுப்போடு திரும்பி வரக்கூடும்.

அந்த ரகசியம்

இதைத்தான் கடைசிப் பத்தியில் அவசரமாக எழுதிவிட்டு ஓடியிருக்கிறீர்கள். தூக்கம் கெடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆட்குறைப்பு இன்னும் முடிவாகவில்லை, ‘குறையலாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வெளியே சொன்னால் உங்கள் வேலை போகலாம், உங்கள் ஒப்பந்தத்தில் ரகசிய காப்புப் பிரிவு என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. ‘யாருக்கும் ஒன்றும் ஆகாது’ என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. கேட்டால், ‘அடுத்த ஆண்டைப் பற்றி என்னால் உறுதி தர முடியாது, சொல்ல அனுமதி கிடைத்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். இதிலேயே சிலர் விஷயத்தை ஊகிப்பார்கள், ஊகிக்கட்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, நெருக்கமான ஒருவரிடம் மட்டும் காதோடு சொல்வது. மாலைக்குள் மற்ற பதினைந்து பேருக்கும் தெரிந்துவிடும், யாரை நீங்கள் வேண்டியவராக நினைக்கிறீர்கள் என்பதும் சேர்த்து.

நிர்வாகத்திடம் இரண்டைக் கேளுங்கள்: எந்தத் தேதியில் ஊழியர்களுக்குச் சொல்வீர்கள், ஆளைக் குறைப்பதற்கு முன் வேறு பிரிவுக்கு மாற்ற என்ன ஏற்பாடு. ஸ்வீடனைச் சேர்ந்த கிளார்னா என்ற பணப்பரிமாற்ற நிறுவனம் தன் ஏஐ உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் சொன்னது. அடுத்த ஆண்டே தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு வாடிக்கையாளர் சேவைக்கு மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியது. அதையும் மேசையில் வையுங்கள்.

ராஜினாமா பற்றி: இப்போது வேண்டாம். நீங்கள் போனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார், மனநிலை அளவியை அவர் மறுப்பாரா என்று யோசியுங்கள். அதே சமயம் பதினாறு பேரின் கவசமாக இருந்து நீங்கள் நொறுங்க வேண்டிய கடமையும் இல்லை. முன்னோட்டத்துக்கான கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள், ஒரு காலக்கெடு வையுங்கள். பதிலே வரவில்லை, அல்லது விளையாட்டை மட்டும் நடத்துங்கள் என்று வந்தது என்றால், அப்போது வேறு வேலை தேடத் தொடங்குங்கள், கையில் ஒன்று கிடைத்த பிறகு கடிதம் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தூக்கம் இப்படியே இருந்தால் அதுவரை காத்திருக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.